செட்டிநாட்டு வெயிலில் ஆயில் கூலருக்குத் தெர்மோஸ்டாட் தண்டச் செலவு: மறுப்பவர்கள் எண்ணோடு வரவும்

கானாடுகாத்தான் இசட் | 6 ஏப்ரல் 2024, இரவு 9.12

வண்டி நிசான் 370 இசட், மேனுவல், 3.7 லிட்டர் விக்யூ37 இன்ஜின். ஆயில் கூலர் இல்லாமல் வந்த வண்டி. காரைக்குடி–திருச்சி ரோட்டில் ஆயில் டெம்பரேச்சர் முள் 95, 100 டிகிரியில் நிற்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் விரட்டினால் 125, 130 என்று ஏறிக்கொண்டே போகிறது. 137, 138 பக்கம் வந்தால் கம்ப்யூட்டரே ஆர்பிஎம்மை வெட்டிவிடும்.

திட்டம்: 34 வரிசை கூலர் (ஆயிலைக் காற்றில் ஆற்றும் சின்ன ரேடியேட்டர்), ஏஎன்-10 அளவு ஹோஸ், இன்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஆயிலைக் கூலருக்குத் திருப்பிவிடும் சாண்ட்விச் பிளேட். கூலர் ஏசி கண்டென்சருக்கு முன்னால், நட்டநடுவில். தெர்மோஸ்டாட், அதாவது ஆயில் சூடாகும்வரை கூலர் வழியை மூடி வைக்கும் வால்வு, கிடையாது. அது குளிர்நாட்டுக்காரன் போட்டுக்கொள்வது. நம் ஊரில் மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம், சித்திரையில் 39, 40. தெர்மோஸ்டாட் பிளேட் வெறும் பிளேட்டை விட நல்ல விலை, போதாக்குறைக்குக் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு சாமான். எதற்கு?

ஆயில்சட்டி | 6 ஏப்ரல் 2024, இரவு 10.40

தம்பி, தெர்மோஸ்டாட் வெயிலைப் பார்த்துத் திறக்காது, ஆயிலைப் பார்த்துத் திறக்கும். ஆயில் சூடாவது இன்ஜின் சுமையால். டிராக்கில் 7,000 ஆர்பிஎம்மில் ஆயிலுக்குள் இறங்கும் சூடும், தேவகோட்டை ரோட்டில் ஆறாவது கியரில் 80ல் உருளும்போது இறங்கும் சூடும் ஏணி வைத்தாலும் எட்டாது. 34 வரிசை கூலர் முதல் கணக்குக்கு வாங்கியது. இரண்டாவது கணக்கில் அது ஆயிலை 65, 70க்கு இழுத்துவிடும், வெளியே 38 டிகிரி அடித்தாலும்.

எண் கேட்டாய். 100 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக் (ஆயில் எவ்வளவு கெட்டி என்ற அளவு) உள்ள சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 70 டிகிரியில் 22, 130ல் 6 இருக்கும். 25 டிகிரியில், அதாவது நம் ஊர்க் காலை ஸ்டார்ட்டில், 120 பக்கம். 70லேயே நாள் முழுக்க ஓடினால் இரண்டு பங்கு கெட்டியான ஆயிலைப் பம்ப் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதைவிடத் தொல்லை ஈரமும் பெட்ரோலும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் இரண்டும் ஆவியாகிப் போக ஆயில் 90க்கு மேலே கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியின் ஆயில் மூடியைக் கழற்றிப் பார், உள்பக்கம் மோர் கலர் பசை ஒட்டியிருக்கும்.

இன்னொன்று. சாண்ட்விச் பிளேட்டில் ஆயில் முதலில் கூலருக்குப் போய், திரும்பி வந்து, அப்புறம்தான் ஃபில்டர். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் காலையில் அந்த 120 சென்டிஸ்டோக் ஆயில் மொத்தமும் ஹோஸ், கூலர் எல்லாம் சுற்றி வந்துதான் பேரிங்கைப் பார்க்கும். அத்தனை பெரிய கூலர் அழுத்தத்தையும் தின்னும்.

80 அல்லது 82ல் திறக்கிற பிளேட் வாங்கு. அந்தப் பணம் தண்டமில்லை.

அரைக்கால் இன்ச் | 6 ஏப்ரல் 2024, இரவு 11.05

பெரிய கூலர் அழுத்தத்தைத் தின்னும் என்ற வரியில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போக முடியவில்லை. இந்தப் பிளேட் அடுக்குக் கூலரில் வரிசைகள் இரண்டு தொட்டிக்கு நடுவே பக்கம் பக்கமாக, இணையாக ஓடுகின்றன. வரிசை கூடினால் ஆயிலுக்கு வழி கூடும், தடை குறையும். அழுத்தத்தைத் தின்பது சின்ன ஹோஸ், துளை சிறுத்த பிட்டிங், துளைபோட்டு எடுத்த 90 டிகிரி முழங்கை. வளைத்த குழாயால் செய்த 90க்கும் கட்டையில் துளைத்த 90க்கும் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். பின்னதில் மூலை கத்திபோல் நிற்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் அண்ணன் கட்சிதான்.

ஆயில்சட்டி | 7 ஏப்ரல் 2024, காலை 6.15

சரி, கூலரை விட்டுவிடுகிறேன். முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

கானாடுகாத்தான் இசட் | 7 ஏப்ரல் 2024, காலை 8.30

70 டிகிரிக் கணக்கு உறைத்தது. ஒரு சந்தேகம் அண்ணே. தெர்மோஸ்டாட் பிளேட் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்கு விடும், திறந்தாலும் முழுதாக விடாது என்கிறார்களே?

ஆயில்சட்டி | 7 ஏப்ரல் 2024, காலை 9.02

மூடியிருக்கும்போது கொஞ்சம் கசியவிடுவது வேண்டுமென்றே செய்தது. கூலரும் ஹோஸும் எப்போதும் நிரம்பியிருக்கும், காற்று அடைக்காது, தெர்மோஸ்டாட் திறக்கும் நொடியில் குளிர்ந்த ஆயில் ஒரே மூச்சில் இன்ஜினுக்குள் பாயாது. திறந்த பிறகு ஒரு பங்கு குறுக்கு வழியில் போவது உண்மை. அதற்காகத்தான் கூலரைக் கணக்குக்கு ஒரு படி பெரிதாக எடுப்பது.

80ல் திறக்கத் தொடங்கும் என்பதும் 80ல் முழுக்கத் திறந்துவிடும் என்பதும் வேறு வேறு. நடுவில் பத்து டிகிரி பக்கம் இடைவெளி இருக்கும். வாங்கியதும், சூட்டில் விரிந்து வழியைத் திறக்கும் மெழுகுக் கட்டை உள்ள பாகத்தைக் கம்பியில் கட்டி, அடியைத் தொடாமல், வெந்நீரில் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு பார்த்துக்கொள். அசையாத கட்டையைப் பம்பர் கழற்றிய பிறகு கண்டுபிடிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இருங்காட்டுக்கோட்டை | 7 ஏப்ரல் 2024, மதியம் 2.20

எல்லாரும் ஆயில் பக்கமே நிற்கிறீர்கள். கூலர் வேலை செய்வதும் செய்யாததும் காற்றுப் பக்கம். 34 வரிசையா 25 வரிசையா என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான்.

கணக்கு போடலாம். கூலர் வழியாக நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான ஆயில் லிட்டருக்கு 0.8 கிலோ, ஒரு கிலோவை ஒரு டிகிரி மாற்ற 2.1 கிலோஜூல். வருவது 12.5 கிலோவாட். வீட்டில் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ஆறு ஒன்றாக ஓடுகிற சூடு.

இதைக் காற்று எடுத்துப்போக வேண்டும். வெளியே 40 டிகிரி, கூலரைத் தாண்டும்போது 80 ஆகிறது என்றால், நொடிக்கு 0.28 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு வரிசை சுமார் 7.7 மில்லி உயரம், அதனால் 25 வரிசைக் கூலரின் துடுப்புப் பகுதி ஏறக்குறைய 28 சென்டிமீட்டருக்கு 19. அதன் முகத்தில் காற்று நொடிக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும், மணிக்கு 19 கிலோமீட்டர். டிராக்கில் வண்டி அதைப்போல ஐந்து மடங்கு, எட்டு மடங்கு வேகத்தில் போகிறதே, பிறகு ஏன் வெட்டவெளியில் மாட்டிய 34 வரிசையும் திணறுகிறது? காற்று தடையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போய்விடும். பின்பக்கம் போக்கிடம் இல்லையென்றால் உள்ளேயே நுழையாது.

ஆக, செய்ய வேண்டியது:

பம்பரில் திறப்பு கூலர் முகத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். திறப்பிலிருந்து கூலர் வரை அலுமினியத் தகட்டிலோ ஏபிஎஸ் ஷீட்டிலோ டக்ட். மெதுவாக விரிய வேண்டும், சட்டென்று அகன்றால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து உள்ளேயே சுழலும். டக்ட்டுக்கும் கூலருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் பாதிக் காற்று அதில் போய்விடும், சுற்றிலும் காற்று புகாத ஃபோம் ஒட்டுங்கள். பின்னால் வெளியேறும் வழி முன்திறப்பை விடப் பெரிதாக இருக்கட்டும். சக்கர லைனரில் பின்னோக்கிச் சாய்ந்த லூவர் (சாய்வான காற்றுத் துவாரம்) வெட்டினால் சரியாக வரும்.

இடமும் மாற வேண்டும். நட்டநடுவில் கண்டென்சருக்கு முன்னால் வைத்தால் அந்த 12.5 கிலோவாட் சூட்டுக் காற்று நேராகக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகும். ஆயில் இறங்கும், தண்ணீர் ஏறும். ரேடியேட்டருக்குப் பின்னால் வைப்பது அதைவிட மோசம். அங்கே காற்றே 70 டிகிரி. 110ல் இருக்கும் ஆயிலுக்கும் 40ல் இருக்கும் காற்றுக்கும் 70 டிகிரி வித்தியாசம், ரேடியேட்டருக்குப் பின்னால் வெறும் 40. கூலரின் வேலை கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

பம்பரின் ஓரத்தில், சக்கரத்துக்கு முன்னால், 25 வரிசையோடு டக்ட். நடுவில் வைத்த டக்ட் இல்லாத 34ஐ விட இதுதான் டிராக்கில் நிற்கும்.

கானாடுகாத்தான் இசட் | 7 ஏப்ரல் 2024, மாலை 6.44

34ஐ விட்டாச்சு. ஓரத்தில் 25. ஆனால் ஹோஸ் நீளும், வளைவும் கூடும். ஹோஸ் எங்கே அடிப்பது? காரைக்குடியிலேயே ஜேசிபி, டிராக்டருக்கு ஹோஸ் அடிக்கும் கடை இருக்கிறது. அங்கேயே அடித்துவிடலாமா?

அரைக்கால் இன்ச் | 7 ஏப்ரல் 2024, இரவு 10.18

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஜேசிபி கடையை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். அங்கே சாதாரணமாக அடிப்பது ஆர்1, ஆர்2 வகை ரப்பர் ஹோஸ். அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை, நம் ஆயில் அழுத்தத்தைப்போல இருபது மடங்கு தாங்கும். சூடுதான் தாங்காது. தொடர்ந்து 100 டிகிரி என்பது அதன் எல்லை. 120, 130ல் ஓடினால் உள் ரப்பர் விறைத்து, பிட்டிங் கவ்விய இடத்தில் வெடிப்பு விடும். உரிந்த ரப்பர்த் துணுக்கு கூலரிலும் ஃபில்டரிலும் போய் உட்காரும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதாகவே தெரியும்.

கேட்க வேண்டியது ஆர்14: டெஃப்லான் உள்குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் பின்னல், 200 டிகிரி வரை கவலையில்லை. மதுரை, திருச்சிக் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கும். ஒரே தொல்லை, டெஃப்லான் இறுக்கி வளைந்தால் ஒடுங்கிவிடும், ஒடுங்கியது திரும்பாது. இந்த அளவுக்கு 16, 17 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். அதைவிட இறுக்கம் வேண்டிய இடத்தில் வளைத்த குழாய் பிட்டிங் போடுங்கள்.

அடுத்தது மரை. ஏஎன்-10 என்றால் 7/8 இன்ச், இன்ச்சுக்கு 14 மரை, 37 டிகிரிக் கூம்பு. ஹைட்ராலிக் கடையில் ஜேஐசி என்று கேட்டால் அதே மரை, அதே கூம்பு, தாராளமாகப் பொருந்தும். ஏசிக்கடைச் சாமான் கதை வேறு. அங்கே 5/8 ஃப்ளேர் பிட்டிங்குக்கும் அதே 7/8, 14 மரைதான், கூம்பு மட்டும் 45 டிகிரி. கையால் அழகாக ஏறும், ஸ்பானர் பிடித்தால் இறுகும், இரண்டு கூம்பும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். குளிரில் ஒழுகாது, ஆயில் 100ஐத் தாண்டியதும் வியர்க்கத் தொடங்கும். இன்னும் இறுக்கினால் அலுமினியக் கூம்பில் பள்ளம் விழுந்து பிட்டிங்கே குப்பை. சந்தேகம் வந்தால் கூம்பில் மார்க்கர் பேனா மையைப் பூசி, கையால் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை அகலப் பட்டையாக அழிந்தால் 37. முடிபோல் ஒரு கோடு அழிந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

கூலர் பக்கம் செட்ராப் கம்பெனி என்றால் எம்22 மரை, 1.5 பிட்ச். மோக்கல் கம்பெனி என்றால் பெரும்பாலும் அரை இன்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை). இன்ஜின் பக்கம் ஃபில்டர் மரை எம்20, 1.5. மூன்றும் மூன்று சாதி. ஆர்டர் போடும் முன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூலர் பிட்டிங்கை இறுக்கும்போது இரண்டு ஸ்பானர். ஒன்று கூலர் மூக்கில் உள்ள கட்டையைப் பிடிக்க, இன்னொன்று திருக. ஒரே ஸ்பானரில் திருகினால் மூக்கு தொட்டியோடு சேர்ந்து முறுகி, பற்றவைத்த இடத்தில் விட்டுவிடும். ஏஎன் நட்டைக் கையால் இறுகும்வரை கொண்டுபோய், ஸ்பானரில் தடை தெரிந்த பிறகு அறுகோணத்தின் ஒரு முகம் அளவு திருப்பி, பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் கண்ணில் படும். அந்தக் கூம்பில் டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்களோடு நான் பேசுவதில்லை.

அரைக்கால் இன்ச் | 7 ஏப்ரல் 2024, இரவு 10.31

என் பேர் ஏன் அரைக்கால் இன்ச் என்று சொல்லாமல் விட்டேன். ஆயில் டெம்பரேச்சர், பிரஷர் சென்சருக்குப் பிளேட்டில் அரைக்கால் இன்ச் (1/8) துளை வரும். வெளிநாட்டுப் பிளேட்டில் அது என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), இன்ச்சுக்கு 27 மரை. நம் ஊர்க் கடையில் அரைக்கால் என்று கேட்டால் கொடுப்பது பிஎஸ்பி, 28 மரை. இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும், அப்புறம் பிடிக்கும். "டைட்டா இருக்கு, நல்லது" என்று இன்னும் ஒரு திருகு திருகினால் பிளேட் விரிந்து கீறல் விடும். மரை அளவுகோல் வைத்துப் பார்க்காமல் திருகாதீர்கள். டேப் இங்கே மட்டும் சுற்றலாம், முதல் மரையை விட்டுவிட்டு. உடம்பு வழியாக எர்த் எடுக்கும் ஒற்றை வயர் சென்சர் என்றால் டேப்பும் குறைவாக.

புதுவயல் போலோ | 8 ஏப்ரல் 2024, காலை 7.50

அண்ணே, போலோ ஜிடி டிஎஸ்ஐக்கும் இதே மாதிரி போடலாமா? 19 வரிசை போதுமா?

ஆயில்சட்டி | 8 ஏப்ரல் 2024, காலை 8.05

போடாதே. உன் இன்ஜினில் தண்ணீரால் குளிரும் சின்ன ஆயில் கூலர் ஏற்கனவே இருக்கிறது. காலையில் தண்ணீர் முதலில் சூடாகி ஆயிலையும் சூடாக்கும், சாலையில் ஆயிலைத் தண்ணீரோடு கட்டிப்போட்டு வைக்கும். காரைக்குடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவே அதுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. கூலன்ட் சரியான கலவையா, ரேடியேட்டர் துடுப்பில் மண் அடைத்திருக்கிறதா, அதைப் பார்.

இசட் தம்பிக்கும் ஒரு வார்த்தை. டிராக் பக்கமே போகாத வண்டி என்றால் உனக்கும் இதே பதில்தான் சொல்லியிருப்பேன்.

சிக்ரி சைடு | 8 ஏப்ரல் 2024, இரவு 8.27

மின்வேதியியலுக்கென்றே 1953லிருந்து ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் ஊர் காரைக்குடி. அந்த ஊரில் அலுமினியக் கூலரை வெறும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் இறுக்கி மாட்டுகிறார்கள். ஈரமும் உப்பும் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரியாகிவிடும், அதில் கரைவது அலுமினியம். தொண்டிக் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிற வண்டி என்றால் போல்ட் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பதைப் பார்க்கலாம்.

நைலான் அல்லது ரப்பர் புஷ், அதற்குள் போல்ட், இரண்டு பக்கமும் அகல வாஷர். போல்ட் மரையில், ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கொஞ்சம் ஆன்டி-சீஸ் பசை. ரப்பர் புஷ் அதிர்வுக்கும் வேண்டும். கூலரை நாலு மூலையிலும் சட்டத்தோடு இறுக்கினால் பம்பர் பீம் முறுகும்போதெல்லாம் கூலரும் முறுகும், காதுதான் முதலில் விடும். மூன்று இடத்தில் பிடித்தால் போதும், அதில் ஒன்று நீள்துளையாக இருக்கட்டும்.

ஸ்டெயின்லெஸ் பின்னல் ஹோஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. அது தொட்ட இடத்தையெல்லாம் அரம் போல ராவிவிடும். வயரிங், ஏசி பைப், கிராஸ் மெம்பர் எதுவானாலும். தொடும் இடத்தில் ஸ்லீவ் போட்டு, ரப்பர் வைத்த கிளாம்ப்பில் கட்டுங்கள். கேபிள் டை பட்டறையில் அளவு பார்க்க மட்டும்.

இருங்காட்டுக்கோட்டை | 8 ஏப்ரல் 2024, இரவு 9.15

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒன்று. 5டபிள்யூ-30க்குப் பதில் நல்ல 5டபிள்யூ-40. ஆயில்சட்டி அண்ணன் சொன்ன அதே கணக்கில், 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் உள்ள 40 ஆயில் 130ல் கிட்டத்தட்ட 8. சாதாரண 30 ஆயில் 115ல் இருக்கும்போதும் அதே 8 பக்கம்தான். முள் இறங்காது, பேரிங்குக்குக் கிடைக்கும் படலம் மட்டும் 15 டிகிரி குறைவாக ஓடினது போல. டின்னில் ஏசிஇஏ ஏ3/பி4 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதற்கு 150 டிகிரியில் அழுத்தி அரைக்கும் சோதனையில் கெட்டித்தன்மை 3.5க்குக் குறையக்கூடாது என்று விதி. 30 கிரேடிலும் இந்த முத்திரை உள்ள ஆயில் உண்டு, அது மெல்லிய 30ஐ விட எவ்வளவோ மேல்.

ஆயில்சட்டி | 9 ஏப்ரல் 2024, காலை 6.30

ஆயில் மாற்றத்தால் கம்ப்யூட்டர் வெட்டுவது நிற்காது என்பதையும் சேர்த்துக்கொள். அது சூட்டைத்தான் பார்க்கிறது. ஆனால் இரண்டும் செய்வது சரி.

நான் மறந்தே போன பெரிய விஷயம், கேலரி கேஸ்கெட். இந்த இன்ஜினின் ஆரம்ப ஆண்டு வண்டிகளில் முன் டைமிங் கவருக்குள் ஆயில் கேலரி (ஆயில் ஓடும் உள்வழி) மூடிக்குக் காகிதக் கேஸ்கெட். சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு பக்கம் கிழிந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே சம்ப்புக்கு, அதாவது அடித் தொட்டிக்கு, ஒழுகிவிடும். வெளியே சொட்டு இருக்காது. பிந்தைய வண்டிகளில் உலோகம் வைத்த கேஸ்கெட். உன்னுடையது 2010 பக்கத்து வண்டி என்றால், பிளேட்டில் வரும் அரைக்கால் துளையில் முதலில் பிரஷர் கேஜ் மாட்டு. ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது ஐடிலில் 14 பிஎஸ்ஐக்கு மேலே, 2,000 ஆர்பிஎம்மில் 43க்கு மேலே இருக்க வேண்டும். இது கம்பெனி வைத்த குறைந்தபட்சம். அதற்குக் கீழே என்றால் கூலர் பணத்தை எடுத்துக் கேஸ்கெட்டுக்குப் போடு. அழுத்தம் இல்லாத இன்ஜினில் கூலர் மாட்டுவது ஓட்டைப் பானைக்கு ஃபில்டர் வைக்கிற வேலை.

கானாடுகாத்தான் இசட் | 9 ஏப்ரல் 2024, இரவு 9.50

கேஜ் மாட்டியாச்சு. ஐடிலில் 19, இரண்டாயிரத்தில் 52. மூச்சு வந்தது. மாட்டும் வரிசையைச் சொல்லுங்கள் அண்ணே. சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் ஒரு பழைய 25 வரிசை பாதி விலைக்குச் சொல்கிறார்கள், அதையும் எடுக்கலாமா?

அரைக்கால் இன்ச் | 9 ஏப்ரல் 2024, இரவு 9.58

பழைய கூலர் கூடவே கூடாது. அது எந்த இன்ஜின் செத்து வந்ததோ. துடுப்புக் குழாய்க்குள் மாட்டிய பேரிங் தூளை எந்தக் கெமிக்கலும் முழுதாக வெளியே கொண்டுவராது.

ஆயில்சட்டி | 10 ஏப்ரல் 2024, காலை 7.20

வரிசை கேட்டாய்.

ஆயிலை வெதுவெதுப்பில் வடி. வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர், 34 நியூட்டன் மீட்டர். ஃபில்டரைக் கழற்றியதும் இன்ஜின் முகத்தை விரலால் தடவிப் பார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் பிளேட்டை வைத்தால் இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று. ஐடிலில் ஒழுகாது, 4,000ல் வழுக்கிக்கொண்டு அரை நிமிடத்தில் ரோடெல்லாம் ஆயில்.

பிளேட்டின் ஓ-ரிங்கில் புது ஆயில் தடவி, நடுப் போல்ட்டை விரலால் ஏற்று. ஹோஸ் எந்தத் திசையில் போகும் என்று பிளேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, இறுக்கும்போது அது கூடவே சுழலாமல் ஒரு கையால் பிடி. அதன்மேல் ஃபில்டரைக் கையால் மட்டும். பிளேட் கனத்துக்கு ஃபில்டர் கீழே இறங்கி வரும், அடித்தட்டில் இடிக்கிறதா பார். இடித்தால் குட்டை ஃபில்டர்.

ஹோஸ் வெட்டிய தூளைக் காற்றடித்து, பெட்ரோல் விட்டுக் கழுவி, மறுபடி காற்றடி. கூலர் வாய் மேலே பார்க்க நிறுத்தி ஆயில் ஊற்றி நிரப்பு, பிறகு மாட்டு. இரண்டு வாயும் மேலே அல்லது பக்கவாட்டில் வரட்டும். கீழே பார்த்தால் காற்று மேலே தங்கிவிடும், மேல் வரிசைகள் வெறும் அலங்காரம்.

ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்று, பத்து நொடி, இடைவெளி விட்டு மறுபடி, கேஜ் எழும்பும் வரை. அப்புறம் ஃப்யூஸ் போட்டு ஸ்டார்ட். ஐடிலில் ஒவ்வொரு பிட்டிங்காக வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார். முள் 90ஐத் தாண்டி, கூலர் கையில் சூடாகப் பட்டால்தான் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்தி, கால் மணி நேரம் விட்டு, டிப்ஸ்டிக். ஃபில்டரோடு 4.9 லிட்டர் பிடிக்கும் இன்ஜின், இப்போது இன்னும் ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். எவ்வளவு போனது என்று எழுதி வை.

ஓட்டிவிட்டு வந்து, ஆறிய பிறகு மறுபடி பெயின்ட் கோடுகளைப் பார். முதல் தடவை ஓட்டும்போது தீயணைப்பான் காரில் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் மேல் ஆயில் தெறித்தால் புகையோடு நிற்காது.

புதுவயல் போலோ | 10 ஏப்ரல் 2024, காலை 9.41

டெஸ்ட்டுக்குச் செட்டிநாட்டு ஓடுதளம் இருக்கே, யுத்த காலத்துது. சென்னைப் பக்கம் சோழவரத்து ஓடுதளத்துலயே அப்படித்தானே ரேஸ் விட்டாங்க.

இருங்காட்டுக்கோட்டை | 10 ஏப்ரல் 2024, காலை 10.10

சோழவரத்தில் ஓடினது அனுமதியோடு நடத்திய ரேஸ். இங்கே நீங்களாகப் போய் விரட்டினால் ஆயிலுக்கு முன்னால் போலீஸ் சூடாகும். அதுவும் நேர்க்கோட்டில் ஒரு தடவை விரட்டினால் ஆயில் சூடு ஏறவே ஏறாது. தொடர் சுமை வேண்டும், 3.7 கிலோமீட்டர் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று ஏறுவது அதனால்தான்.

சிக்ரி சைடு | 2 மே 2024, மாலை 5.33

மாட்டியாகிவிட்டது என்று நினைக்கிறேன். சுத்தம் பற்றி ஒரு குறிப்பு. நம் பக்கம் செம்மண் தூசி, துடுப்பில் ஆயில் ஈரம் இருந்தால் சாந்தாகிவிடும். மழைக்காலத்து ராத்திரியில் ஈசல் வேறு. பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணத் தோட்டக் குழாய்த் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் துடுப்பு படுத்துவிடும், படுத்த துடுப்பில் காற்று போகாது. கல்லுக்கு வலை போடுவதென்றால் கண் பெரிய வலை, கூலரில் ஒட்டாமல் டக்ட் வாயில்.

கானாடுகாத்தான் இசட் | 19 மே 2024, இரவு 10.26

25 வரிசை, ஓரத்தில், டக்ட்டோடு, 82 தெர்மோஸ்டாட், ஆர்14 ஹோஸ், 5டபிள்யூ-40. திருச்சி ரோட்டில் முள் 90, 92ல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிராக்கில் 116க்கு மேல் போகவில்லை. சூடாக ஐடிலில் பிரஷர் 18.

ஒரு குறை. கூலர் கண்டென்சருக்கு முன்னால் இல்லாதபோதும் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஏசி முன்பு போல் குளிரவில்லை. வேகம் எடுத்தால் சரியாகிவிடுகிறது.

இருங்காட்டுக்கோட்டை | 19 மே 2024, இரவு 11.02

கூலர் மேல் பழி போடாதீர்கள். ஊருக்குள் தெர்மோஸ்டாட் பாதிகூடத் திறந்திருக்காது. டக்ட்டுக்கு இடம் செய்ய ரேடியேட்டர் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றினீர்களா? அது இல்லையென்றால் ஃபேன் இழுக்கும் காற்று முன்னாலிருந்து வராமல், பின்னால் போன சூட்டுக் காற்றே ஓரம் வழியாகச் சுற்றி வரும்.

கானாடுகாத்தான் இசட் | 19 மே 2024, இரவு 11.09

ஒரு பக்கத் தடுப்பு பட்டறையிலேயே கிடக்கிறது.

இருங்காட்டுக்கோட்டை | 19 மே 2024, இரவு 11.15

டக்ட் போகும் அளவுக்கு மட்டும் அதை வெட்டி, திரும்ப மாட்டி, மிச்ச இடைவெளியில் ஃபோம் வையுங்கள். மேல் விளிம்பையும் விடாதீர்கள், பானட்டுக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் நடுவே.

ஆயில்சட்டி | 20 மே 2024, காலை 6.10

அடுத்த ஆயில் மாற்றத்தில் கூலரிலும் ஹோஸிலும் பழைய ஆயில் தங்கும், வடிகாலில் வராது. அதனால் முதல் தடவை ஊற்றிய அளவை அப்படியே ஊற்றாதே, கூடிப்போகும். 4.5 ஊற்றி, சூடாக்கி, நிறுத்தி, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து மீதி.